அரை விரல் பட்டை

மார்ச் 4

நாத்தனாருக்கு,

ஆறு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். நலம் விசாரித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும் என்று தெரியும். அதற்கெல்லாம் பொறுமை இல்லை. நேரே கேட்கிறேன்: உன் அண்ணன் அங்கே வந்தாரா?

பிப்ரவரி இருபதாம் தேதி காலையில், "ஆணி வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். உடம்பில் பட்டறைத் துணி, காலில் வீட்டுச் செருப்பு. ஆணிக்கடை இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. இன்றோடு பன்னிரண்டு நாள். கடைக்காரர், "இந்தப் பக்கமே வரலையேம்மா" என்கிறார். ஆஸ்பத்திரியில் பார்த்தாயிற்று. காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்தேன். அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்தவர், "வீட்ல ஏதும் சண்டையா?" என்றார். "சண்டை போட்டிருந்தா காரணமாவது தெரிஞ்சிருக்குமே சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முந்தின நாள் நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் செய்து கொடுத்த பீப்பாய்களில் மூன்றை வினிகர் ஆலைக்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து, பட்டறை வாசலில், தெருவிலேயே உருட்டிவிட்டார். "மூணும் ஒழுகுது. கிடங்கு பூரா புளிச்ச வாடை. இன்னும் நாப்பது பீப்பாய்க்கு உங்களை நம்பி உக்காந்திருக்கேன். ஏப்ரல் கடைசிக்குள்ள ஒழுகாத பீப்பாயா வரணும்" என்று கத்தினார். எதிரே சலவைக்கடைக்காரம்மா இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்தது மறந்து வேடிக்கை பார்த்ததில் யாரோ ஒருவருடைய சட்டை தீய்ந்தது.

உன் அண்ணன் பீப்பாய்களை உள்ளே உருட்டிக்கொண்டு போனார். மூன்று பீப்பாயிலும் இரும்புப் பட்டைகளைக் கழற்றினார். பலகைகளைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சாயங்காலம் வரை அதே வேலை. "என்ன தப்புன்னே தெரியலையே" என்று மட்டும் சொன்னார். மறுநாள்தான் ஆணி வாங்கப் போனார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கைப்பட்ட பீப்பாய் ஒழுகி நான் பார்த்ததில்லை.

உனக்கும் எனக்கும் ஆகாது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் அங்கே இருந்தால் ஒரு வரி எழுது. இல்லாவிட்டாலும் ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
உன் அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. உறைமேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும், யாரோ தவறிவிட்டார்கள் என்று பயந்து, பிரிக்காமல் அரைமணி நேரம் தையல் மேஜைமேல் வைத்திருந்தேன்.

அண்ணன் இங்கே வரவில்லை.

நீங்கள் கேட்ட ஒரு வரி அவ்வளவுதான். ஆனால் ஆறு வருஷம் கழித்து எழுதிய கடிதத்துக்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆகாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் ஆகாமல் போனது என்று எழுதவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து அந்தப் பெஞ்சில் அண்ணனுக்கு எதிரே நின்று பலகை இழைத்தவள் நான். நீங்கள் கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம் என் இழைப்புளி உங்கள் கைக்குப் போய்விட்டது. "நீ போய்ப் படி, இங்க நாங்க பாத்துக்கறோம்" என்றீர்கள். நல்லதுக்குத்தான் சொன்னீர்கள் என்று அண்ணன் இன்றைக்கும் சொல்கிறார். சொல்வார், கேட்டால்.

கடைசியாக வந்தபோது என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? சும்மா நிற்க முடியாமல், பட்டையை அடித்து இறக்கும் கொட்டாப்புளியைக் கையில் எடுத்தேன். "விருந்தாளி எதுக்குக் கையை அழுக்காக்கிக்கிற?" என்றீர்கள். விருந்தாளி! நான் பிறந்த வீட்டில்! மதியம் பஸ்ஸிலேயே கிளம்பி வந்தேன். அதற்குப் பிறகு நீங்களும் கூப்பிடவில்லை.

போகட்டும். அண்ணனுக்குக் கை எப்படி இருந்தது? சாமான் ஏதாவது பிடி தவறி விழுந்ததா? நடுக்கம் உண்டா? சும்மாதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
நாத்தனார்

பின்குறிப்பு: பட்டறையில் அரை விரல் அகலத்தில் மெல்லிசான இரும்புப் பட்டைச் சுருள் கிடக்குமே, மரக்கூடைகளுக்குப் போடுவது, அதில் ஒன்று பார்சலில் அனுப்ப முடியுமா? தெரிந்தவர் ஒருவருக்கு வேண்டுமாம். இங்கே கிடைப்பதெல்லாம் துருப்பிடித்தது. கையைக் கிழிக்கிறது.


மார்ச் 13

நாத்தனாருக்கு,

சுருள் அனுப்பியிருக்கிறேன். ஒன்று கேட்டாய், இரண்டு வைத்திருக்கிறேன். கூடவே உன் "தெரிந்தவருக்கு" ஒரு கொட்டாப்புளியும் இருக்கிறது. பிடி இடதுகைக்குத் தேய்ந்தது. அவருக்குப் பிடிக்க வாகாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

துறைமுகத்தில் படகுகளுக்குக் கித்தான் தைக்கிறவளுக்குக் கூடைப்பட்டை எதற்கு? யார் கையைக் கிழிக்கிறது? "அண்ணன் இன்றைக்கும் சொல்கிறார்" என்று எழுதிவிட்டு, "சொல்வார், கேட்டால்" என்று ஒட்டுப்போட்டிருக்கிறாயே, அதை அடித்துவிட்டு வேறு தாளில் எழுதக்கூடத் தோன்றவில்லையா? உங்கள் குடும்பத்தில் யாருக்குமே பொய் சொல்லத் தெரியாது.

கடிதத்தைப் படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உயிரோடு இருக்கிறார். அது போதும் என்று அழுதேன். அழுது முடித்ததும் உன்மேல் வந்த ஆத்திரத்தில் எழுந்து போய், எதிரில் இருந்த பீப்பாயில் பட்டையை ஓங்கி அடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அது சுற்றிலும் ஒரே சீராக இறங்கியது.

ஆமாம், நான்தான் செய்கிறேன். இத்தனை வருஷம் பலகை இழைத்தும் அடிமூடி வெட்டியும் கொடுத்தவள்தானே. முழுப் பீப்பாயும் செய்து பார்த்துவிடலாம் என்று இறங்கிவிட்டேன். நாற்பது பீப்பாய் தானாக நடந்து வரப்போவதில்லை. சலவைக்கடைக்காரம்மா கூட நிற்கிறார். இதுவரை முடிந்தது ஒன்று. அதுவும் நின்றால் லேசாக ஒரு பக்கம் சாய்ந்து, யாரையோ ஒட்டுக்கேட்பதுபோல் நிற்கிறது.

ஏன் போனார் என்று சொல். என்னிடம் சொல்லாமல் உன்னிடம் ஓடிவரும் அளவுக்கு நான் என்ன செய்தேன்?

உன் அண்ணி


மார்ச் 18

அண்ணிக்கு,

பொய் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும். பட்டை கேட்டு எழுதியபோது, நீங்கள் கண்டுபிடித்துவிட்டால் நல்லது என்று எனக்குள்ளேயே ஒரு பக்கம் நினைத்திருக்கலாம்.

அண்ணன் பிப்ரவரி இருபத்தொன்றாம் தேதி வந்தார். நான் தரையில் கித்தானை விரித்து முழங்காலில் நின்று வெட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் வீட்டுச் செருப்போடு இரண்டு கால். நிமிர்ந்து பார்த்தால் அண்ணன். "வாலு, கொஞ்ச நாள் இங்க இருந்துக்கட்டுமா?" என்றார். எனக்கு முப்பத்தாறு வயதாகிறது, இன்னும் வாலுதான். உட்காரும் முன்பே, உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

உங்கள்மேல் கோபம் எதுவும் இல்லை அண்ணி. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கை போயிடுச்சு வாலு. தப்பு எங்கன்னு தெரிஞ்சா திருத்திடலாம். மூணையும் பிரிச்சுப் போட்டுப் பாத்தேன், ஒண்ணும் தெரியல. தப்பு தெரியலைன்னா கை போச்சுன்னுதானே அர்த்தம்? அவ முன்னாடி நாலாவதையும் ஒழுகவிட்டு நிக்கச் சொல்றியா?"

பகலெல்லாம் மீன்காரர்களுக்குக் கூடை செய்கிறார். வட்டமான அடிப்பலகை, சுற்றிலும் மெல்லிய மரச்சட்டங்கள், மேலும் கீழும் ஒரு பட்டை. சர்ரென்று முடித்துவிடுகிறார். "கூடைதான் நல்லது. ஒழுகினா ஒருத்தனும் கேக்கமாட்டான்" என்கிறார். அப்படிச் சொல்லிவிட்டுச் சிரிப்பதைப் பார்க்க முடியவில்லை.

பார்சலைப் பிரித்துக் கொட்டாப்புளியைப் பார்த்ததும், "எழுதிட்டியா?" என்றார். "பட்டைதாண்ணே கேட்டேன்" என்றேன். அன்றைக்குத்தான் நிஜமாகச் சிரித்தார். ஆனால் கொட்டாப்புளியைத் தொடவில்லை. பட்டைச் சுருளை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இப்போது முக்கியமானது. ஏப்ரல் இரண்டாம் தேதி இங்கிருந்து ஒரு சரக்குக் கப்பல் கிளம்புகிறது. சரக்கு அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள். ஏறினால் திரும்பி வர இரண்டு வருஷம். அண்ணன் போய் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். இன்னும் பெயர் கொடுக்கவில்லை. தினமும் துறைமுகம் வரை நடக்கிறார், திரும்பி வருகிறார், உட்கார்கிறார், மறுபடி எழுகிறார். என் அறை இருக்கிற அகலத்துக்கு அவர் நடப்பதைப் பார்த்து எனக்குத் தையலில் கோடு கோணுகிறது.

நீங்கள் இப்போது வராதீர்கள். உங்களைப் பார்த்தால் அன்றைக்கே கப்பலில் பெயர் கொடுத்துவிடுவார். வேறு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

நாத்தனார்


மார்ச் 21

நாத்தனாருக்கு,

முதலில் இதை நீ தனியாகப் படி.

நாலு பீப்பாய் முடிந்தது. சலவைக்கடைக்காரம்மா, "ஈரப் போர்வை பிழிஞ்ச கைம்மா இது, இரும்பெல்லாம் எம்மாத்திரம்" என்று சொல்லிவிட்டு முதல் அடியையே தன் கட்டைவிரலில் போட்டுக்கொண்டார். பலகைகளை வட்டமாக நிறுத்தி மேல்பட்டையை மாட்டினால் கீழே பாவாடை மாதிரி விரிந்து நிற்கும் அல்லவா? உள்ளே நெருப்புக்கூடையை வைத்துச் சூடேற்றி, கயிற்றைச் சுற்றி முறுக்கிக் கீழ்ப்பக்கத்தைச் சேர்க்க வேண்டும். அந்தக் கயிற்றை நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்போது தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். நேற்று ஒருவர், "எப்பம்மா விடப்போறீங்க?" என்று கேட்டார், ராக்கெட் என்று நினைத்தாரோ என்னவோ.

உனக்குத் தெரிந்ததையெல்லாம் உனக்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லப் பயம்.

அந்த மூன்று பீப்பாயிலும் போனது ஈர மரம்.

நன்றாகக் காய்ந்த பலகை டிசம்பரிலேயே தீர்ந்துவிட்டது. அடுத்த அடுக்கு வெட்டி ஒரு கோடைகூட ஆகவில்லை. வினிகர் ஆலைக்காரர் தினமும் வந்து நின்றார். உன் அண்ணனிடம் சொன்னால், "ரெண்டு கோடை காயாத மரத்தை நான் தொடமாட்டேன்" என்பார். வேலை வேறு பட்டறைக்குப் போய்விடும். மரத்தை அடுக்குவதும் தேதி எழுதுவதும் என் வேலைதானே? அடுக்கின்மேல் சாக்கட்டியால் எழுதியிருந்த வருஷத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அதற்கு இரண்டு வருஷம் முந்தினதை எழுதினேன். மேலாக இருந்த பலகைகள் பாதி காய்ந்தவை. கண்ணுக்குத் தெரியாது. தூக்கிப் பார்த்தாலும் தெரியாது. செய்த பிறகுதான் பலகை காய்ந்து சுருங்கி இடுக்கு விட்டது. மூன்று பீப்பாய்க்கு அதைப் போட்டோம். மூன்றும் திரும்பி வந்தது.

அன்று சாயங்காலம் வரை அவர் பலகைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காலையில் அவர் ஆணி வாங்கப் போய்விட்டார். முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். "நான் என்ன செய்தேன்" என்று உன்னைக் கேட்டேனே, அதை எழுதியபோதும் எனக்குத் தெரியும்.

மரம் தீர்ந்த மறுநாளே நாலு மணி நேரத் தூரத்தில் இருக்கிற மரக்கிடங்குக்குப் போயிருந்தால் காய்ந்த பலகை கிடைத்திருக்கும். இந்தத் தடவை போனேன், கிடைத்தது. அவ்வளவுதான் விஷயம். ஒரு நாள் அலைச்சலுக்கு அலுப்புப்பட்டுவிட்டேன்.

இதை அவருக்குப் படித்துக்காட்டு. அவர் கைக்கு ஒன்றுமில்லை, தப்பு என்னுடையது என்று சொல். கப்பலை விட்டுவிட்டு வீட்டுக்கு வரச் சொல்.

அண்ணி


மார்ச் 26

அண்ணிக்கு,

படித்துக்காட்டினேன்.

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கேட்டார். முடித்ததும், "அந்த மரம் பத்தின இடத்த இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன். எனக்கு உங்கள்மேல் கோபம்தான். ஆனாலும் ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது. "அப்புறம் என்னண்ணே? மரம்தான் தப்பு. கை நல்லாத்தான் இருக்கு!" என்றேன்.

அவர் திரும்பினார். முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை.

"அந்தப் பலகையெல்லாம் எடுத்தது யாரு வாலு?"

"நீங்கதான்."

"ஒவ்வொண்ணையும் தடவிப் பாத்துத்தானே எடுத்தேன். கண்ணுக்குத் தெரியாது, சரி. விரல வச்சா ஈரம் குளுகுளுன்னு தெரியணுமே. பதினாறு வயசுல தெரிஞ்சுது. இப்ப ஏன் தெரியல?"

அவர் உடனே கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். "ரெண்டு துண்டு கித்தான் குடு. ஒண்ணு காஞ்சது. ஒண்ணு நனைச்சுப் பிழிஞ்சது. எது எதுன்னு நான் சொல்றேன்." கொடுத்தேன். தப்பாகச் சொன்னார். மாற்றிக் கொடுத்தேன். ஆறு தடவையில் நாலு தப்பு. கட்டைவிரலுக்கு மட்டும் கொஞ்சம் தெரிகிறது. கடைசித் தடவை, தப்பாகச் சொன்னதை "சரிதாண்ணே" என்றேன். "பொய் சொல்லாத. உனக்கு வராது" என்றார்.

கித்தானைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கப்பல் அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

உங்கள் கடிதம் அவரைத் திருப்பி அனுப்பும் என்று நினைத்தீர்கள். நானும் நினைத்தேன். மரத்தில்தான் தப்பு இருந்தது, கை போகவில்லை என்று சமாதானம் சொல்ல இருந்த ஒரே வழியும் போய்விட்டது. உங்களைக் குற்றம் சொல்லித் தாளை நிரப்ப முடியும். நிரப்பிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன். தேதியை மாற்றி எழுதியது நீங்கள் செய்த தப்பு. ஆனால் அவர் விரல் மரத்துப்போனதை இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தவர் எப்படி அண்ணி கவனிக்காமல் இருந்தீர்கள்?

இன்னும் ஏழு நாள் இருக்கிறது.

நாத்தனார்


மார்ச் 29

நாத்தனாருக்கு,

கவனித்தேன். என்னவென்று புரியவில்லை. அடுப்பிலிருந்து டீப் பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்குவார். "உங்களுக்கு என்ன எருமைத் தோலா?" என்று கிண்டல் செய்திருக்கிறேன். போன மழைக்காலத்தில் பட்டை கிழித்து விரலில் ரத்தம் சொட்டியது. அவர் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தார், பலகையில் கறை பார்த்து நான்தான் சொன்னேன். அப்போதும் பெருமையாகத்தான் இருந்தது, என் வீட்டுக்காரர் எவ்வளவு திடமானவர் என்று. பெருமைப்பட்டுக்கொண்டு பார்த்தால் எதுவும் கண்ணில் படாது போலிருக்கிறது.

நேற்று வினிகர் ஆலைக்காரரிடம் போய் மர விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "அவர் கையில தப்பில்ல, என் கையிலதான்" என்றேன். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, "நாப்பது வேணாம். இருபத்தஞ்சு குடுங்க, மிச்சத்த வேற இடத்துல பாத்துக்கறேன்" என்றார். இன்னொரு தடவை ஒழுகினால் அதுவும் கிடையாது என்றார். நியாயம்தான்.

ஒன்பது பீப்பாய் ஆகிவிட்டது. தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் இரண்டு கசிகிறது. எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இதைச் சொல்லி அவரைக் கூப்பிடப் போவதில்லை. வேலைக்காகக் கூப்பிட்டால் வேலைக்காகத்தான் கூப்பிடுகிறாள் என்று ஆகிவிடும்.

அவரிடம் இதை மட்டும் சொல்: "கோபம் இருந்தா வந்து திட்டட்டும். கப்பல்ல இருந்து திட்டினா எனக்குக் கேக்காது."

வராதே என்றாய். இனிமேல் வராமல் இருப்பதில் என்ன லாபம்? ஒன்றாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன்.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

நேற்று நீங்கள் போனபிறகு நடந்ததை எழுதுகிறேன்.

நீங்கள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். அண்ணன் கூடையிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. நீங்கள் பேசினீர்கள், அழவில்லை, கெஞ்சவும் இல்லை. "தேதிய மாத்தினது நான்தான். உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்" என்றீர்கள். அவர் பட்டைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் நீங்கள் எழுந்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிக் கைகழுவப் போனீர்கள். சட்டைக் கையை மேலே தள்ளினீர்கள். வலது கையில் முழங்கை வரை தீக்காயம். உடனே இழுத்துவிட்டுக்கொண்டீர்கள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். நான் பார்த்தேன்.

அண்ணன் இன்று காலை மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். கப்பல் ஏணிக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவர் பெயர் கேட்டுக் கேட்டு ஏற்றிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போது என் பக்கம் திரும்பினார்.

"அவ கையப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நெருப்புக்கூடைய வெளிய எடுக்கும்போது பட்டைமேல கை பட்டிருக்கு. அந்நேரம் பட்டை கொதிச்சுக் கெடக்கும். பீப்பாய ஒரு பக்கமா சாய்ச்சுட்டுத்தான் எடுக்கணும். அவ குனிஞ்சு உள்ள கைய விட்டிருக்கா."

"யாராவது சொல்லிக்குடுத்தாத்தானே தெரியும்" என்றேன்.

வரிசை நகர்ந்தது. அவர் நகரவில்லை. பின்னால் நின்றவர், "போங்க அண்ணே" என்று முதுகில் தட்டினார்.

"எனக்குச் சுட்டா எனக்கே தெரியாது வாலு" என்றார் அண்ணன். "அவளுக்கு வலிக்கும்ல."

அதைச் சொல்லிவிட்டு வரிசையிலிருந்து வெளியே வந்தார். பெயர் கேட்டவர் இரண்டு தடவை கூப்பிட்டார், பிறகு திட்டினார். அண்ணன் காதில் வாங்காமல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டி வேகமாக நடந்தார். பஸ் நிலையத்துக்கு நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் வழியாக, "கொட்டாப்புளிய அனுப்பிவிடு" என்று மட்டும் கத்தினார்.

இந்தக் கடிதம் வருவதற்குள் அவர் அங்கே வந்திருப்பார். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தீரவில்லை. முகத்தைப் பார்த்தேன்.

காயத்துக்கு மருந்து போட்டீர்களா?

நாத்தனார்


ஏப்ரல் 13

வாலுவுக்கு,

நானும் இனி இப்படித்தான் கூப்பிடுவேன், கோபித்துக்கொண்டாலும் சரி.

இரண்டாம் தேதி சாயங்காலம் பட்டறை வாசலில் வந்து நின்றார். நான் குனிந்து நெருப்புக்கூடையை எடுக்கப்போனேன். என்னைத் தள்ளிவிட்டு, பீப்பாயை ஒரு பக்கம் சாய்த்து, நீளக் கொக்கியால் கூடையை வெளியே இழுத்தார். பிறகு சலவைக்கடைக்காரம்மாவைப் பார்த்து, "இப்படித்தான் எடுக்கணும்னு அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றார். நான் ஒரு முழம் தள்ளி நிற்கிறேன்!

அன்றிலிருந்து இதே கதைதான். "அவங்களக் கையில துணி சுத்திக்கச் சொல்லுங்க." "பட்டைய ஒரே இடத்துல அடிக்காம சுத்தி வந்து அடிக்கச் சொல்லுங்க." அந்த அம்மா முதல் இரண்டு நாள் ஒழுங்காகத் திருப்பிச் சொன்னார். மூன்றாம் நாள், "எனக்குத் துணி வெளுக்கவே நேரம் பத்தல, தபால் வேல வேறயா?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். ஆனாலும் தினமும் வருகிறார். சாப்பிடும்போது மட்டும் எங்கள் இருவருக்கும் நடுவில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் வீடே அமைதி. அவர் எழுந்து நடக்கிறார், நான் பாத்திரத்தை இரண்டு தடவை கழுவுகிறேன்.

டாக்டரிடம் போனார். கண்ணைக் கட்டி ஒவ்வொரு விரலாக ஊசியால் குத்திப் பார்த்தார்களாம். கழுத்தில் நரம்பு அழுந்தியிருக்கிறதாம். மருந்தும் பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் திரும்பலாம், முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இதையும் நான் சலவைக்கடைக்காரம்மா வழியாகத்தான் தெரிந்துகொண்டேன்.

பலகையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறார். கன்னத்துக்கு ஈரம் தெரிகிறது. ஒருநாள் பூரா மர அடுக்குக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்ததைப் பார்த்தவர்கள், மரத்துக்கு முத்தம் கொடுக்கிறார் என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே போய் நின்றுகொண்டேன். கசிந்த இரண்டையும் பிரித்தார். ஒன்றில் அடிமூடி சின்னதாகிவிட்டது, நான் செய்த தப்பு. இன்னொன்றில் என்ன தப்பு என்று அவருக்கும் தெரியவில்லை. "தெரியலன்னு சொல்லுங்க" என்றார் அந்த அம்மாவிடம். அதை விறகுக்கு ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தார். முன்பு தெரியவில்லை என்று சொன்னவர் வீட்டைவிட்டுப் போனார். இந்தத் தடவை அடுத்ததை எடுத்தார். அதை உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

விருந்தாளி என்று உன்னைச் சொன்னது தப்பு. அப்போது எனக்கு உன்மேல் பொறாமை. நீ ஒரே அடியில் பட்டையை இறக்குவாய், எனக்கு நாலு அடி ஆகும். இதைச் சொல்ல ஆறு வருஷம் ஆகியிருக்கிறது. முடிந்தால் ஒரு வாரம் வா. வேலைக்கும் ஆள் வேண்டும்தான், அதையும் மறைக்கவில்லை.

காயம் ஆறிவருகிறது. தோல் உரிகிறது. இன்று பதினேழாவது பீப்பாய். பலகை நிறுத்தி, உள்ளே நெருப்பு வைத்து, சூடேறக் காத்திருக்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன். சலவைக்கடைக்காரம்மா கயிற்றோடு தயாராக நிற்கிறார். உன் அண்ணன் பீப்பாயைச் சுற்றிச் சுற்றி வருகிறார், பலகைமேல் கன்னத்தைக் கொண்டுபோகிறார், சூடு பார்க்கிறார். இப்போது நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்க்கிறார்.

"இங்க வா, இந்தக் கயித்தப் புடி" என்கிறார்.

சலவைக்கடைக்காரம்மா ஏற்கனவே கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார். என்னைத்தான் கூப்பிடுகிறார். போகிறேன்.

அண்ணி